எழுத வராத அந்த இரண்டு பக்கம்

என் மகனுக்கு,

இங்கே உன் அம்மா சுகம், பசு சுகம், அது புதிதாக ஈன்ற கன்றும் சுகம். என் கால் மட்டும் வழக்கம்போல வீங்கிக் கிடக்கிறது. இன்று விடியுமுன்பே மழை பிடித்துக்கொண்டதால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. ஆட்கள் எல்லாரும் லயத்து வீடுகளில் அடைந்து கிடக்கிறார்கள். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில், தகரக் கூரையில் மழை போடும் இரைச்சலுக்குக் கீழே, மருந்து கலக்கும் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சிகாமட் ஆறு கரையைத் தொட்டுவிட்டதாக லாரிக்காரன் சொல்லிவிட்டுப் போனான். தண்ணீர் தண்டவாளத்தில் ஏறிவிட்டால் தபால் வண்டி நின்றுபோகும். அதற்குள் இந்தக் கடிதம் ஜொகூர் பாருவுக்கு வந்து உன் மாமா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதப் பார்க்கிறேன். எனக்கு அது வராது என்பது உனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கும் தெரியும்.

உன் கார்டு நேற்று வந்தது. சிங்கப்பூர் டாக்டர் காலேஜுக்கு அனுப்ப வேண்டிய கட்டுரை எழுத வரவில்லை என்றும், தாளை எடுத்து வைத்தால் பேனா ஒரு வரிகூட ஓட மாட்டேன் என்கிறது என்றும், அப்பாவே எழுதி அனுப்பினால் உன் கையெழுத்தில் காப்பி எடுத்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறாய். அடேய், பரீட்சையில் இங்கிலீஷ் தாளை வெளுத்துக் கட்டிவிட்டு வந்தவன் நீ. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் பரிசைத் தட்டி வந்தவன். "உன்னைப் பற்றியும், இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறாய் என்பது பற்றியும் சொந்தக் கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதுக" என்று கேட்டால் முழி பிதுங்குகிறதா? உன் அம்மாவுக்குக் கார்டைப் படித்துக் காட்டினேன். "புள்ள சரியா சாப்புடறானான்னு கேட்டு எழுதுங்க, வெறும் வயித்துல என்னத்த எழுதுவான்" என்றாள். கேட்டுவிட்டேன். சரியாகச் சாப்பிடு.

நீ கேட்டபடி நானே எழுதவும் உட்கார்ந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். என் இங்கிலீஷ் என்ன இங்கிலீஷ்! இத்தனை வருஷமாகப் பெரிய டாக்டருக்கும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கும் ரிப்போர்ட் எழுதி எழுதித் தேய்ந்த இங்கிலீஷ். 'கனம் பொருந்திய ஐயா அவர்களின் மேலான சமூகத்துக்கு அடியேன் மிகத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது' என்று ஆரம்பித்தேன். அடுத்த வரியிலும் தாழ்மை வந்தது. அதற்கடுத்த வரியில் துரை அவர்களின் தயவால் என் பையன் படித்தான் என்று எழுதினேன். நான்காவது வரியில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் உன்னைப் பற்றி எழுத வேண்டும், ஆனால் தாளில் நீ எங்கேயும் இல்லை. தமிழில் அர்த்தம் சொல்லி உன் அம்மாவிடம் வாசித்தேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "இது நம்ம புள்ளையப் பத்தி எழுதினதா? யாரோ எழவுக்குப் போக லீவு கேக்கற மாதிரியில்ல இருக்கு" என்றாள். கோபம் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. தாளைச் சுருட்டி அடுப்பில் போட்டாயிற்று.

ஆகவே என்னிடமிருந்து கட்டுரை வராது. அதற்குப் பதிலாக இந்த வளவளக் கடிதம் வருகிறது. களைத்துப்போன மனுஷன் எழுதுவது, பொறுத்துக்கொண்டு படி.

உனக்கு ஏழெட்டு வயதிருக்கும். கடைத்தெருவுக்குப் போய்விட்டுச் சைக்கிளில் உன்னை முன்னால் உட்கார வைத்து மிதித்து வருகிறேன். துரையின் கார் எதிரே வந்தது. தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான்: துரை வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், ஓரமாக நிற்க வேண்டும். மழையானாலும் மடக்கத்தான் வேண்டும். இறங்கி, உன்னையும் இறக்கி நிறுத்தினேன். அன்றைக்குத் துரைக்கு என்ன சந்தோஷமோ, காரை நிறுத்தி, "என்ன தம்பி, பெரிசா வளந்து என்ன வேலை பாக்கப் போற?" என்று தன் தோட்டத்துத் தமிழில் உன்னைத்தான் கேட்டார். நீ வாயைத் திறந்தாய். நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏதோ சொல்ல உன் உதடு பிரிந்தது. அதற்குள் நான் முந்திக்கொண்டு, "தொரை பாத்து எதைச் சொன்னாலும் பையன் செய்வானுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நீ அன்று என்ன சொல்ல வந்தாய் என்று நான் கேட்கவே இல்லை. அன்றைக்கு மட்டுமா? வீட்டுக்கு யார் வந்து உன்னை என்ன கேட்டாலும் பதில் என் வாயிலிருந்துதான் போயிருக்கிறது. இப்போது உன்னைப் பற்றி நீயே சொல் என்று ஒரு காலேஜ் கேட்கிறது. பேனா எப்படி ஓடும்?

இருந்தாலும் அது மட்டும் காரணம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. உனக்கு எழுத வந்தது. லீவுக்கு வந்தபோது இதே காலேஜுக்காக நீ ஒரு கட்டுரை எழுதி என்னிடம் காட்டினாய். ஒரே மூச்சில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாய். அதை நான் கையில் வாங்கிய பிறகுதான் உனக்கு எழுத்து நின்றுபோயிற்று. உன் கார்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரிய மனுஷன்தான் நீ.

பால் வெட்டுகிற கருப்பையாவைப் பற்றி அதில் எழுதியிருந்தாய். அதற்கு முந்தின லீவில் ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டுக்கு என்னோடு வந்தாய். வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்தில் உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று பார்க்க ஆசைப்பட்டாய். டிரெஸ்ஸர் என்ற பேரில் மருந்து கொடுக்கிற என் வேலை அங்கே சின்னதுதான். வரிசையில் வருகிறவன் வாயில் குளிர்காய்ச்சலுக்கான கொய்னா மருந்தை ஊற்றி, விழுங்குகிறானா என்று பார்க்க வேண்டும். உடம்புக்கு முடியாதவன் நாக்கை நீட்டுவான். நாக்கைப் பார்த்து, நெற்றியைத் தொட்டு, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா வேலைக்கு அனுப்புவதா என்று நான் சொல்ல வேண்டும். பக்கத்தில் துரை நிற்பார். அந்த மாதம் குளிர்காய்ச்சல் ஆட்டி வைத்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே பலர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுருண்டு கிடந்தார்கள். "என்னா டிரெஸ்ஸர், ஆஸ்பத்திரியில பாய் விரிச்சு விருந்து போடறியா? மரம் யாரு வெட்றது?" என்று முந்தின நாள்தான் துரை கேட்டிருந்தார். கருப்பையா வந்தான். நாக்கு வெள்ளை பூத்திருந்தது. நெற்றி சுட்டது. நான் நிமிர்ந்து துரையைப் பார்த்தேன். அவர் பிரம்பால் தன் காலணியை ஒரு தட்டுத் தட்டினார். "வேலைக்குப் போ" என்றேன். அவனும் "சரிங்க ஐயா" என்று வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

வெயில் ஏறும்போது அவனைக் கோணிச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலிப்பு வந்து மரத்தடியில் விழுந்து கிடந்தானாம். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்றும் நீ பார்த்தாய். அவன் கண் திறக்கும் வரை வீட்டுக்கு வரவில்லை, ஈரத்துணி போட்டேன், ஊசி போட்டேன், உன் அம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைத் திட்டிவிட்டுப் போனாள். அவன் பிழைத்துக்கொண்டான். நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாக ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். "டிரெஸ்ஸர் ஐயா இல்லாட்டி நான் இந்நேரம் மண்ணுக்குள்ள போயிருப்பேன் சாமி" என்று கும்பிட்டான். நான் பழத்தை வாங்கிக்கொண்டேன். உன் அம்மா அறுத்துச் சுளை எடுத்து வைத்தாள். வீடே மணத்தது. நீ ஒரு சுளைகூடத் தொடவில்லை. "ஏண்டா, ஒனக்கு உசுராச்சே?" என்று கேட்டாள். "வயிறு சரியில்லம்மா" என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டு தின்றேன். அது தொண்டையில் இறங்கிய லட்சணம் எனக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் நீ எழுதியிருந்தாய். பலாப்பழம் வரைக்கும் எழுதியிருந்தாய். 'அவர் நோயாளியின் நாக்கைப் பார்க்கும் முன் துரையின் முகத்தைப் பார்க்கிறார். எனக்கு நாக்கை மட்டும் பார்க்கும் உத்தியோகம் வேண்டும். அதற்கு டாக்டராக வேண்டும் என்று எண்ணுகிறேன்' என்று முடித்திருந்தாய். இங்கிலீஷில் இன்னும் நன்றாக இருந்தது. நான் தமிழில் சொல்லும்போது சப்பென்று இருக்கிறது.

படித்து முடித்ததும் நான் என்ன செய்தேன்? மருந்துச் சீட்டு எழுதும் பென்சிலை எடுத்தேன். "துரை நற்சாட்சிக் கடிதம் தர வேண்டும், கட்டுரையைத் தாமே பார்த்துவிட்டுத்தான் தருவேன் என்றிருக்கிறார், இதைப் பார்த்தால் என்ன ஆகும், நமக்கு இந்தக் குவாட்டர்ஸ் இருக்குமா, மூளை இருக்கிறதா உனக்கு" என்று சத்தம் போட்டேன். கருப்பையா வருகிற வரிகளைக் கோடு போட்டு அடித்தேன். பலாப்பழத்தை அடித்தேன். கடைசி மூன்று வரியைக் காகிதம் கிழிகிற மாதிரி அடித்தேன். பக்கத்தில் 'தோட்டத்தின் சுகாதார வசதிகளைப் பற்றி எழுது' என்று குறிப்பு வேறு. நீ தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டாய். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கையைக்கூட ஆட்டவில்லை என்று உன் அம்மா இன்னும் என்னைக் குடைகிறாள்.

துரை பார்ப்பார் என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. துரை அதைப் படிப்பதற்கு முன்னால் நான் அல்லவா படித்துவிட்டேன்! பெற்ற பிள்ளை, கூடவே நின்று, ஒன்றும் சொல்லாமல், எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறான் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைக் கோபமாக மாற்றுவது நம் வீட்டில் எனக்கு ஒருத்தனுக்குத்தான் கைவந்த கலை. எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறதப்பா. சேர்ந்த புதிதில் நானும் நாக்கை மட்டும்தான் பார்த்தேன். காய்ச்சல் என்றால் படு என்பேன், யார் நின்றாலும் கவலையில்லை. பிறகு கல்யாணம், பிறகு நீ, பிறகு ஜொகூர் பாருவில் உன் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். எந்த நாளில் என் கண் நாக்கை விட்டு மேலே போக ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை. நியாயம் பேசவில்லை. அலுத்துப் போய்விட்டது, அவ்வளவுதான். தினமும் காலையில் அந்தப் பிரம்புச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

சரி, உனக்கு எழுத வருவதற்கு வழி சொல்ல வேண்டுமே. எனக்குத் தெரிந்த ஒரே தொழிலிலிருந்துதான் சொல்ல முடியும். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவார்கள். "போன மாசம் மச்சான் வீட்டுக்குப் போனேன், அங்க கருவாடு தின்னேன், அதுலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கு" என்று நீட்டுவார்கள். நான் குறுக்கே விழுந்து, "அதெல்லாம் கெடக்கட்டும், வலிக்கிற எடத்துல வெரல வை" என்பேன். விரல் நேராகப் போய் விலாவில் நிற்கும். நீயும் அப்படிச் செய். எந்த ஊரில் பிறந்தாய், எந்த வகுப்பில் எத்தனையாவதாக வந்தாய், தோட்டம் எவ்வளவு அழகு என்பதெல்லாம் கருவாட்டுக் கதை. கருப்பையா நாக்கை நீட்டிய இடத்தில் ஆரம்பி. தாளைப் பார்த்துப் பயமாக இருந்தால் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு உன் மாமாவிடம் வாயால் சொல். அவர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறார், கேட்கட்டும். சொல்லும்போது எந்த இடத்தில் உன் குரல் கம்முகிறதோ அந்த இடத்தை விடாதே. சொல்லி முடித்த சூட்டோடு எழுது. நல்ல இங்கிலீஷ் வேண்டுமே என்று தேடாதே. அது உன்னிடம் இருக்கிறது, தானாக வந்து நிற்கும். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, நடந்தது மறந்தா போய்விடும்?

நற்சாட்சிக் கடிதத்துக்கு என்ன செய்வது என்று நீ கேட்பாய். உன் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இதே தபாலில் அனுப்புகிறேன். தோட்டத்துத் துரையை விட அவர் எழுதுவதைக் காலேஜில் மதிப்பார்கள் என்று இங்கே போஸ்ட் மாஸ்டர் சொல்கிறார். நேரில் போய் அவரைப் பார், வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போ.

துரையிடம் இன்று காலையே போய்ச் சொல்லிவிட்டேன். மழையில் பங்களாப் படியேறுவதற்குள் கால் உயிரை வாங்கிவிட்டது. "தொரை, பையனுக்கு நற்சாட்சி பள்ளிக்கூடத்துலயே குடுக்கறாங்க, உங்களுக்குச் சிரமம் வேணாம்" என்றேன். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "ஓ, நம்ம கையெழுத்து வேணாமா? சரி, பையன் என்னா எழுதறான்? எஸ்டேட்டப் பத்தியா?" என்றார். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது தம்பி. 'தொரை சொல்றபடி எழுதுவானுங்க' என்று. எப்படியோ விழுங்கினேன். "எனக்குத் தெரியாதுங்க தொரை. அவன் விஷயம், அவன்தான் எழுதறான்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "போ" என்றார். குடையை விரிக்க மறந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தேன். இந்த வயதில் இது என்ன கூத்து என்று எனக்கே இருந்தது.

ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். காலேஜில் கட்டுரையைப் படிக்கிற பெரிய டாக்டர்களும் நம் துரையும் ஒரே கிளப்பில் உட்கார்ந்து குடிக்கிறவர்கள். இன்றில்லாவிட்டால் என்றாவது ஒரு நாள் யாராவது ஒருவர் வாய் தவறிச் சொல்வார். துரைக்கு எட்டும். எட்டினால் இந்த வேலை போகும், இந்த வீடு போகும். உன் அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். வைக்கோலை உதறிப் பசுவுக்குப் போட்டாள். பிறகு, "போனா போவுது. எங்கண்ணன் வீட்டுப் பின்கட்டுல ஒரு மூலையா கெடைக்காது? பசுவத்தான் எப்படி ரயில்ல ஏத்தறதுன்னு தெரியல" என்றாள். அவள் கவலை அவளுக்கு. எனக்குப் பயம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயந்து பயந்தே ஒரு ஆயுசு ஓடிவிட்டது, இனி அது பெரிதாக என்னை என்ன செய்துவிடும்? நீ எங்களுக்காகப் பார்த்துப் பார்த்து எழுதினால் மறுபடியும் பேனா நின்றுபோகும். எங்களை விடு. அந்த இடம் உனக்குக் கிடைக்க வேண்டும். நீ டாக்டராக வேண்டும் என்பது என் ஆசையும்தான், அதை மட்டும் நான் உன் வாயில் திணித்ததாக நினைத்துவிடாதே.

தபால்காரர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், முடிக்க வேண்டும். உன் கட்டுரையில் பென்சிலை வைக்கும் உரிமை எனக்கு இனிமேல் இல்லை. இருந்தாலும் ஒரே ஒரு இடத்தில் வைக்க விடு. முதல் பத்தியிலேயே 'எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்து டிரெஸ்ஸர்' என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு நான் எல்லாவற்றையும் அடித்தேன், அதை மட்டும் அடிக்காமல் விட்டேன். என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினாய் என்று தெரிந்துகொண்டே விட்டேன். அந்த ஆள் யார் என்று சொல்லாமல் எழுதினால் அவர் மேல் உனக்குள்ள கோபமும் பாதிதான் வரும், பாசமும் பாதிதான் வரும். படிக்கிறவர்களுக்கும் இவனுக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று புரியாது. அதை அடித்துவிடு. அந்த இடத்தில் 'என் அப்பா' என்று எழுது.